அறிவிலிக்கு ஆங்கிலன் இட்ட பெயர்கள்

"அறிவற்றவனைக் குறிக்க ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றுக்கும் எத்துணை நுண்ணிய வேறுபாடு! தமிழிலோ முட்டாள் என்னும் ஒன்றை விட்டால் வேறென்ன இருக்கிறது?" என்று ஆங்கிலங் கற்ற தமிழர் சிலர் வியந்து பேசக் கேட்டிருக்கிறோம். வேறுபாடு உண்டென்பது மெய்யே. அஃது எத்தகைய வேறுபாடென்று அவர்கள் என்றேனும் ஆய்ந்ததுண்டா? ஆய்ந்திருப்பின், பெற்ற பிள்ளை கணக்கில் ஒரு பிழை செய்தவுடன் 'இடியட்' என்று நாக்கூசாமற் கூவமாட்டார்கள்.

அச்சொற்களுட் சில தெருவிற் பிறந்து தெருவில் வளர்ந்தவை. அவற்றோடு நமக்குப் பகையில்லை. 'ஃபூல்' என்பது இலத்தீனில் துருத்தியைக் குறித்த சொல்லின் வழி வந்தது. காற்றடைத்த பை போன்ற வெற்றுப் பேச்சாளன் என்பது கருத்து. 'டன்சு' என்பதோ 1308-இல் மறைந்த டன்சு இசுக்காட்டசு என்னும் பேரறிஞனின் பெயர். அவன் வழிநின்றோரைப் பிற்காலப் புலமையாளர் எள்ளி நகையாடியதால், அறிஞன் பெயரே அறிவிலிக்குப் பெயராயிற்று! 'சில்லி' என்பது முதலில் நற்பேறு பெற்றவனையும், பின்னர்க் கள்ளமற்றவனையும், அதன்பின் இரங்கத்தக்கவனையும் குறித்து, இறுதியில் அறிவிலியைக் குறிக்கலாயிற்று. நம் 'பேதை'யிலும் இளமையும் கள்ளமின்மையும் அறியாமையும் ஒருங்கே கலந்து நிற்றலை இதனோடு ஒப்பு நோக்குக.

இனி, 'இடியட்' என்பதற்கு வருவோம். கிரேக்கத்தில் அது பொதுப்பணியில் ஈடுபடாத தனியாளைக் குறித்தது. பின்னர்ப் பயிற்சியற்றவனைக் குறித்தது. இங்கிலாந்திற்குள் நுழைந்தபின் அது சட்டச் சொல்லாயிற்று. பிறவியிலேயே அறிவு வளராதவன் 'இடியட்'. இருந்த அறிவை இடையில் இழந்தவன் 'லூனாட்டிக்'. எவ்வளவு தெளிவான பாகுபாடு என்று வியக்கின்றீர்களா? அதன் பயனைக் கேளுங்கள். இடைக்கால இங்கிலாந்தில், பின்னவன் நிலத்தை அரசன் காத்து, வருவாயில் எஞ்சியதை அவன் தெளியுங்காலத்து அவனுக்கே தரவேண்டும். முன்னவன் நிலத்தின் வருவாயையோ, அவனுக்குச் சோறும் துணியும் அளித்தது போக, அரசனே எடுத்துக்கொள்ளலாம். இருபது காசு எண்ணத் தெரியாதவன், தாய் தந்தையர் பெயரும் தன் அகவையும் சொல்லத் தெரியாதவன் 'இடியட்' என்று அக்காலச் சட்ட நூலார் அளவுகோல் வகுத்தனர். சொல்லின் நுண்மை அரசன் கருவூலத்திற்கு வழியாயிற்று!

இதனினும் கொடியது இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. ஆல்பிரெடு பினே என்னும் பிரெஞ்சு அறிஞர், பள்ளியிற் பின்தங்கிய சிறார்க்குத் தனி உதவி செய்யும் நோக்கத்துடன் 1905-இல் ஓர் அறிவுத் தேர்வை உருவாக்கினார். அதனை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்ற என்றி காட்டர்டு என்பவர் அதனைக் கொண்டு மாந்தரைத் தரம் பிரிக்கலானார். வளர்ந்தும் இரண்டாண்டுக் குழந்தையின் அறிவைக் கடவாதவன் 'இடியட்'. மூன்று முதல் ஏழு வரை நிற்பவன் 'இம்பெசைல்'. எட்டு முதல் பன்னிரண்டு வரை நிற்பவனுக்குப் பெயரில்லை என்று கண்டு, மந்தன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று 'மோரான்' என்னும் புதுச் சொல்லை 1910-இல் அவரே ஆக்கினார். 'இம்பெசைல்' என்பதும் இலத்தீனில் வலுவற்றவன் என்னும் பொருளதே. இன்று வசைச் சொற்களாய்த் திரியும் இம்மூன்றும் அன்று மருத்துவர் ஏட்டில் வரிசையெண் போல் நின்றவை.

அவ்வரிசையெண் என்ன செய்தது? வர்சீனியா மாநிலத்திற் கேரி பக்கு என்னும் ஏழை இளம்பெண் இருந்தாள். வளர்த்தோரின் உறவினன் ஒருவனால் கெடுக்கப்பட்டுப் பதினேழாம் அகவையில் தாயானாள். உடனே அவளை அறிவுக்குறையினள் என்று காப்பகத்தில் அடைத்தனர். அவள் தாய் முன்னரே அங்கிருந்தாள். இனிப் பிள்ளை பெறாவண்ணம் அவளை அறுவை செய்யலாமா என்னும் வழக்கு அமெரிக்க உச்ச முறைமன்றம் வரை சென்றது. 1927-இல் நடுவர் ஓம்சு, 'இம்பெசைல்'கள் மூன்று தலைமுறை வந்தது போதும் என்று எழுதி அறுவைக்கு இசைவளித்தார். அம்மன்றத்து ஒன்பதின்மருள் ஒருவர் மட்டுமே உடன்படவில்லை. அவர்கள் தேர்வுப்படியே கேரியின் அறிவகவை ஒன்பது, அஃதாவது, அவர்கள் சொல்லின்படியே அவள் 'மோரான்', 'இம்பெசைல்' அல்லள். ஒரு பெண்ணின் வயிற்றை அறுக்க ஆணையிட்ட நடுவர்க்கே அச்சொற்களின் வேறுபாடு ஒரு பொருட்டாய் இல்லை! மூன்றாந் தலைமுறையென்று அவர் சுட்டிய கைக்குழந்தை, பின்னர்ப் பள்ளியிற் சேர்ந்து நன்மாணவர் பட்டியலில் இடம்பெற்று, எட்டாம் அகவையில் நோயால் இறந்தது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இவ்வாறு அறுக்கப்பட்டோர் தொகை அறுபதினாயிரத்திற்கு மேல்.

இஃது எங்கோ நடந்தது, நமக்கென்ன என்பீராயின், 1912-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பாருங்கள். தன் நாட்டில் அவ்விரு சொற்களையும் அத்துணை அரும்பாடுபட்டுப் பிரித்து வைத்த ஆங்கிலன், இங்கே 'லூனாட்டிக்' என்பதற்கு 'இடியட்' அல்லது உள்ளம் நலமற்றவன் என்று பொருள் வரையறுத்து இரண்டையும் ஒரே சாக்கிற் போட்டுக் கட்டினான். அவன் போன பின்னும் 1987-இல் இயற்றப்பெற்ற மாற்றுச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை அவ்வரையறை நம் தலைமேல் இருந்தது.

தமிழில் ஒன்றே உண்டென்பார் திருக்குறளைப் புரட்டட்டும். கல்லாமைக்கு ஓரதிகாரம், பேதைமைக்கு ஓரதிகாரம், புல்லறிவாண்மைக்கு ஓரதிகாரம். கற்க வேண்டியதைக் கல்லாது அவையேறுவோன் வேறு. கேட்டைப் பற்றிக்கொண்டு ஆக்கத்தைக் கைவிடுவோன் வேறு. அறிவின்றியே தன்னை அறிவுடையான் என்று செருக்குவோன் வேறு. இம்மூவரும் தம் செயலாற் பழிக்கப்படுகின்றனரேயன்றிப் பிறப்பால் அல்லர். பிறவியில் அறிவு வளராத ஒரு குழந்தையை வள்ளுவர் இம்மூன்றனுள் எதிலும் வைக்கவில்லை.

இதனாலே தமிழர் யாவரும் இரக்கமுடையோர் என்று நாம் சாற்றவில்லை. அத்தகைய பிள்ளைகளைத் தெருவிற் கண்டாற் கல்லெறியும் சிறுவரும், அதைக் கண்டு சிரிக்கும் பெரியோரும் நம் ஊர்களிலும் உண்டு. ஆயினும், நம் சொற்கள் அக்கல்லை ஏட்டிலெழுதிச் சட்டமாக்கித் தரவில்லை. அக்குறையை ஆங்கிலச் சொல்லால் நிரப்பிக்கொள்ள ஏன் விரைகின்றோம்?

அகரமுதலி தொகுப்போர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் ஒன்று. மேற்சொன்ன மூன்று சொற்களுக்கும் நேராக 'முட்டாள்' என்று எழுதி ஒதுங்கிவிடாதீர். வசையாக வருமிடத்து முட்டாள், மடையன், மட்டி என இடத்திற்கேற்ப எழுதுக. பழைய சட்டத்திலும் மருத்துவ ஏட்டிலும் வருமிடத்துப் பிறவி அறிவுக்குறையர் என்றெழுதி, அக்காலத்தார் வகுத்த தரத்தையும் அடியிற் காட்டுக. கேரி பக்கின் வழக்கைத் தமிழில் எழுதுவோன் 'மூன்று தலைமுறை முட்டாள்கள்' என்று எழுதினால், அந்நடுவர் செய்த கொடுமை வெறும் ஏச்சாய்ச் சுருங்கிப் போகும்.