சென்னைக்காரங்க மட்டுந்தான் பாக்காங்களாம்!

ஒரு வெப்சைட்டுக்கு யார் எங்கிருந்து வாராங்கன்னு கூகுள் அனலிட்டிக்ஸ் ஊர்வாரியா பட்டியல் போடும். பட்டணத்துல அதை வேதவாக்கா எடுத்துக்கிடுதீங்க. நாடு எதுங்கிறது பெரும்பாலும் சரியாத்தான் வரும். ஊர்ப் பேரை மட்டும் அப்படியே நம்பிராதீங்க.

எங்க தம்பி மவன் தேங்காயும் அரிசியும் விக்க ஒரு வெப்சைட் வச்சிருக்கான். விளம்பரம் பண்ணித் தாரேன்னு வந்த ஒருத்தர் பட்டியலைப் பாத்துட்டு, "முக்காவாசி சென்னை, மிச்சம் மதுரை. தென்காசியில நாலு பேரு கூட இல்ல. தமிழை எடுத்துட்டு இங்கிலீஷ்ல போடுங்க"ன்னு சொல்லுதார். ஆனா போன் போட்டு ஆர்டர் சொல்லுறது யாரு? கடையநல்லூர், சுரண்டை, சாம்பவர்வடகரை ஆளுங்க!

சங்கதி இதுதான். பட்டியல் ஆளைப் பாக்கிறதில்ல, ஐபி எண்ணைப் பாக்குது. செல்போன் கம்பெனி பல போன்களை ஒரே எண்ணுக்குப் பின்னால நிறுத்தி, ஏதோ ஒரு பெரிய ஊர் வழியா வெளிய விடும். எங்க வயலுக்கு வார தண்ணி மலையில பெஞ்ச மழை. மடையில நின்னு கணக்கு எழுதுறவன் மடைப் பேரைத்தான் எழுதுவான். ஆய்க்குடியில வரப்புல உக்காந்து போனைப் பாக்கிறவன் சென்னைக்காரன் ஆனது இப்படித்தான்.

அமெரிக்காவுல நடந்தது இதைவிடக் கூத்து. மேக்ஸ்மைண்ட்னு ஒரு கம்பெனி, ஊர் தெரியாத அமெரிக்க எண்ணுக்கெல்லாம் நாட்டுக்கு நடுவுல பொதுவா ஒரு புள்ளி வச்சுது. அது கான்சாஸ்ல பாட்வின் பக்கம் ஒரு பண்ணை வீட்டுல விழுந்துட்டு. 60 கோடிக்கு மேல எண்கள் அந்த வீட்டுத் தலையில! போலீசு, வரி ஆபீஸ்காரங்க, பணத்தைப் பறிகொடுத்தவங்கன்னு வருசக்கணக்கா கதவைத் தட்டிருக்காங்க. 2016-ல பத்திரிகைக்காரங்க கேட்ட பெறவுதான் புள்ளியைத் தூக்கி ஏரிக்குள்ள போட்டாங்க. அங்கயும் அடிபட்டது விவசாயக் குடும்பந்தான், பாத்துக்கிடுங்க.

'டைரக்ட்'னு இன்னொரு வரி இருக்கு. வாட்ஸ்அப் லிங்க்கைத் தட்டி வாரவனோட தடம் பெரும்பாலும் பதியாது. முகவரியைத் தானே அடிச்சு வந்தவனோட அவனையும் சேத்து எழுதிரும். கிராமத்துல லிங்க் ஓடுறதே சொந்தக்காரங்க குரூப்புலதான். அனுப்புற லிங்க்குக்கு வால் மாதிரி யுடிஎம் குறி ஒட்டினா வந்த வழி தெரியும். ஊரு அப்பவும் தெரியாது.

தென்காசி 2019 நவம்பர் 22-ல தனி மாவட்டம் ஆச்சு. அரசாங்கக் கணக்குல ஏறிட்டோம், உங்க கணக்குல இன்னும் ஏறல. அதை வச்சுத்தான் "கிராமத்தான் படிக்கமாட்டான், வாங்கமாட்டான்"னு ஏசி ரூம்ல முடிவு பண்ணுதீங்க.

தம்பி மவன்கிட்ட சொல்லிட்டேன்: ஆர்டர் எடுக்கையில "எந்த ஊரு?"ன்னு கேட்டு நோட்டுல எழுதுலேன்னு. தமிழை எடுக்கல.