உங்களைக் கண்டாலே ஓடுகிற தெருநாய்... அடி வாங்கியதுதான் காரணமா?

பிஸ்கட் பாக்கெட் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும் ஒரு தெருநாய். அதே தெருவில், அதே பிஸ்கட்டை நீட்டினால் வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு காருக்கு அடியில் பதுங்கும் இன்னொன்று. 'பாவம், யாரோ நல்லா அடிச்சிருக்காங்க' என்போம். அடித்திருக்கலாம். யாருமே தொடாமல் வளர்ந்ததும் காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் நடந்து, 1961-ல் வெளியான ஓர் ஆய்வு இது. உயரமான வேலிக்குள், மனிதர்களோடு பழகவிடாமல் நாய்க்குட்டிகளை வளர்த்தார்கள். சில குட்டிகளை மட்டும் சில வார வயதில் வெளியே எடுத்து, ஒரு வாரம் விளையாடவிட்டார்கள். அவை மனிதர்களோடு ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை ஆள் பழக்கமே இல்லாத குட்டிகளோ மிரண்டு ஓடின. அவற்றை யாரும் அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் காலி மனைப் புதரிலும் சிமென்ட் குழாய்க்குள்ளும் ஈன்ற குட்டிகள் தெருவுக்கு வருவதற்குள், அந்த முக்கியமான வாரங்களில் பாதி போய்விடும். தாயும் மிரளும் ரகம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கொல்கத்தா ஐசர் விஞ்ஞானிகள் தெருநாய்களிடம் செய்த ஆய்வு (2017) எனக்குப் பிடித்தது. திரும்பத் திரும்பச் சந்தித்தபோது, சாப்பாடு போட்ட புதியவரைவிட தடவிக்கொடுத்த புதியவரைத்தான் அவை அதிகம் நம்பின. அதற்காக, பதுங்கும் நாயின் தலையில் கை வைத்துவிடாதீர்கள்! அருகில் வரத் துணிந்த நாய்களுக்குத்தான் அது பொருந்தும்.

மிரளும் நாய்க்கு வேறு வழி. நேருக்கு நேர் முறைக்காமல், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். சாப்பாட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு விலகுங்கள். தினமும் அதே நேரம், அதே இடம். வாரங்கள் ஆகலாம். சில நாய்கள் கடைசிவரை பத்தடி தூரத்திலேயே நிற்கும், நிற்கட்டும்.

குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் வெள்ளை விழி தெரியப் பார்ப்பது, உடம்பு விறைத்து நிற்பது எல்லாம் 'கிட்ட வராதே' என்பதற்கான அடையாளங்கள். தப்பிக்க வழியில்லாமல் மூலையில் மாட்டிக்கொண்ட பயந்த நாய்தான் சட்டென்று கடிக்கும். கடியோ, ரத்தம் வராத கீறலோ, குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குக் கிளம்புங்கள்.