கீர்த்தனையின் தலையில் ஒரு வரி

அட்டன் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் நடந்த தமிழிசைப் போட்டிக்கு முன்னொருகால் நடுவராகச் சென்றிருந்தேன். கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகள், சுருதி பிசகாமல் ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனையைப் பாடினாள். "இது கோயிற் பாட்டு, தமிழிசையன்று" என்று கூறி அச்சிறுமியை விலக்கிவிட்டேன். தேவாரமும் திருப்புகழுமே தமிழிசை என்பது அன்று என் கட்சி. பண்டிதப் பட்டம் பெற்ற புதிதில் வரும் செருக்கு அது.

பின்னர் ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' கைக்கு எட்டியது. 1917இல் வெளிவந்த அப்பெருநூல், சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் புதைந்து கிடந்த இசைமரபைத் தோண்டியெடுத்து, சுருதி 22 என்ற சார்ங்கதேவர் கணக்கைத் தமிழர் முறை கொண்டு மறுத்தது. பண்டிதர் என்போற் பள்ளியாசிரியராய் இருந்தவர்; சித்த மருத்துவத்தால் பொருளீட்டியவர். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி வித்துவான்களைத் தம் செலவிற் கூட்டினார். அவரே கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் இயற்றினார்! எந்தத் தமிழிசையின் பெயரால் யான் அச்சிறுமியை விலக்கினேனோ, அதற்குச் சான்று தேடித் தந்தவர், அவள் பாடியது போன்ற பாட்டுக்களைக் கட்டியவர். நாணினேன்.

இம்மரபு அவரோடு தொடங்கியதுமன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இலேயே மறைந்துவிட்டார். மலையகத்திற் காப்பி விளைந்த காலத்தில், 1854 முதல், நெல்லைச் சீமை உபதேசியார்கள் தோட்டங்களுக்கு வந்தனர். தமிழ்ப் பாட்டும் அவர்களோடு மலையேறிற்று.

கிறிஸ்தவக் கோயில்களில் இருவகைப் பாட்டுண்டு. மேனாட்டு மெட்டுக்கு மொழிபெயர்த்தமைத்தது பாமாலை. இராக தாளத்தோடு தமிழிற் பிறந்தது கீர்த்தனை. பாமாலையை வெறுப்பவனல்லேன், நான்கு குரல் இசைந்து எழும்போது இனிமையே. ஆயினும் அயல் மெட்டு நம் குறில் நெடில் அறியாது. 'விடு' என்பதன் முதலெழுத்தை நீட்டினால் 'வீடு' ஆகிவிடும். 'படு' 'பாடு' ஆகும். பொருளே புரண்டுவிடுமன்றோ? சொல்லோடு சேர்ந்து பிறந்த மெட்டிலே இவ்விடர் அரிது.

கீர்த்தனை நூலில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அண்மையிற் சென்ற ஒரு தோட்டக் கோயிலில், மின்விசைப் பெட்டி வாசித்த இளைஞனிடம் அவ்வரியைக் காட்டி, "தம்பி, இது என்ன?" என்றேன். "அது சும்மா போட்டிருக்காங்க சேர்" என்றான். அவன்மீது குறையில்லை. அவனுக்குச் சொல்லித்தந்தவர் யார்? கோயில், அது பள்ளிக்கூடத்தின் வேலை என்றிருந்தது. பள்ளிக்கூடமோ, என்னைப் போன்ற தமிழாசிரியர் வாயிலாக, அது கோயிற் பாட்டென்று தள்ளிற்று. இடையில் இராகம் அநாதையாயிற்று. தாளம் அறிந்த முதியோர் சிலர் லயங்களில் இன்னும் உளர். அவரிடம் கேட்டுப் பாடம் பண்ண இதுவே தருணம்.

அடுத்த மாதம் மீண்டும் ஒரு போட்டிக்கு நடுவனாக அழைத்திருக்கிறார்கள். விதிகளிற் கீர்த்தனையையும் சேர்க்குமாறு எழுதியிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.