முட்டை மேட்டை எங்கே இடம் மாற்றுவது?

நிக்கோபார் மெகபோடு அடைகாப்பதில்லை. கோழியளவே உள்ள இப்பறவை, கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் உதிர்ந்த இலைகளையும் தன் வலிய கால்களால் வாரிக் குவித்து மேடாக்குகிறது. முட்டையை அதனுள் புதைத்துவிட்டு விலகிவிடுகிறது. மட்கும் இலைகளிலிருந்து எழும் வெப்பமே முட்டையைப் பொரிக்க வைக்கிறது. 70 நாள்களுக்கும் மேலாகும். குஞ்சு தானே மண்ணைத் தோண்டிக்கொண்டு வெளிவந்து, தாய் தந்தையை அறியாமலே காட்டுக்குள் செல்கிறது. ஒரே மேட்டைப் பல இணைகள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவதும் உண்டு.

உலகில் நிக்கோபார்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இப்பறவை இல்லை. கோயம்புத்தூரிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் 1990களில் தீவு தீவாகச் சென்று கணக்கெடுத்ததால்தான், 2004 டிசம்பர் ஆழிப்பேரலை என்ன செய்தது என்பதை நம்மால் அளக்க முடிந்தது. 2006ஆம் ஆண்டின் மறு ஆய்வு, ஏறத்தாழ 70 விழுக்காடு பறவைகள் குறைந்துவிட்டதாகக் கண்டது. கரையோரத்தில் முட்டையிடும் பறவைக்கு அது எதிர்பார்க்கக்கூடிய அழிவே.

அந்த அழிவிலிருந்து மீண்டுவரும் பறவையின் கரையில்தான் இப்போது துறைமுகம் வரவிருக்கிறது. பெரிய நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாச் சரணாலயம் 2021 ஜனவரியில் அத்தகுதியை இழந்தது. 2022இல் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டைத் திட்டத்துக்கு மாற்றிக்கொடுக்க முதற்கட்ட ஒப்புதலும், தொடர்ந்து சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தன. இதற்கான ஈடுசெய் காடு வளர்ப்பு ஹரியானாவில் நடக்குமாம். ஆரவல்லிப் பகுதிக்கு மரங்கள் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்கே எந்த மெகபோடு மேடு கட்டும்?

மெகபோடுக்கென்றே மென்சால் என்னும் சிறு தீவு சரணாலயமாக்கப்பட்டது என்பார்கள். அதன் பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. இழக்கும் கரையில் உள்ள பறவைகள் கடல் தாண்டி அங்கே குடியேறும் என்று எதிர்பார்க்க எந்த உயிரியல் அடிப்படையும் எனக்குத் தெரியவில்லை. அத்தீவை வழிவழியாகப் பயன்படுத்திவரும் நிக்கோபாரிகளின் கருத்தைக் கேட்காமலே அறிவிப்பு வந்தது என்பது அம்மக்களின் குற்றச்சாட்டு. நிக்கோபாரிகளும் இம்முட்டைகளை எடுத்து உண்டவர்கள்தாம். அதை மறைக்க வேண்டியதில்லை. நெடுங்காலம் அப்படி எடுத்தும் பறவை எஞ்சியிருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

“ஆழிப்பேரலையையே தாங்கிய இனம் இதையும் தாங்காதா?” என்று ஆய்வரங்குகளில் கேட்கிறார்கள். கடல் உள்ளே வந்தபோது அதன் பின்னால் காடு இருந்தது. புதிய கரையில் மீண்டும் இலை உதிர்ந்தது, மேடு கட்ட இடம் இருந்தது. கான்கிரீட் தளத்தில் இலை மட்காது.

என் வருத்தம் பொறியாளர்கள்மீது அன்று, நம்மீதே. ‘தணிப்பு’, ‘ஈடு’, ‘இடமாற்றம்’ என்னும் சொற்களைச் சூழலியலாளர்களாகிய நாமே அறிக்கைகளுக்கு வழங்குகிறோம். பிற பறவைகளில் கூட்டையும் நிலத்தையும் பிரித்துப் பேச ஓரளவேனும் இடமுண்டு. இங்கே கூடே நிலம். அடைகாப்பதே அந்த நிலத்தின் வேலை. ‘வாழிடத்தை மாற்றியமைக்கலாம்’ என்று எழுதும் ஆய்வாளர், மட்கும் இலையின் வெப்பத்தை எந்த முறையில் மாற்றியமைப்பார் என்பதையும் எழுதித்தர வேண்டும்.

ஆகவே, துறைசார் நண்பர்களிடம் ஒரு கோரிக்கை. கலாத்தியா கரையிலுள்ள ஒவ்வொரு மேட்டின் இருப்பிடமும், அது பயன்பாட்டில் உள்ளதா என்பதும், மரம் வெட்டத் தொடங்கும் முன்பே சுயேச்சையான ஆய்வாளர்கள் சரிபார்க்கும் வகையில் திறந்து வைக்கப்பட வேண்டும் என்று நம் சங்கங்கள் வழியாக எழுதிக் கேட்போம். முட்டைத் திருட்டு நிகழும் என்று அஞ்சினால், துல்லியமான இடக்குறிப்பை மறைத்துவிட்டு எண்ணிக்கையையும் ஆய்வு முறையையுமாவது வெளியிடட்டும். 1990களில் ஒருவர் எடுத்த கணக்கு 2006இல் பயன்பட்டது. இன்றைய கணக்கும் அடுத்து வருவோர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.