நொக்கியாவின் வீழ்ச்சி தரும் பாடம்

கையடக்கத் தொலைபேசி என்றாலே நொக்கியா என்று எண்ணிய காலம் ஒன்றிருந்தது. 2007 இல் உலகில் விற்பனையான ஸ்மார்ட் தொலைபேசிகளில் ஏறத்தாழப் பாதி அந்நிறுவனத்தினுடையவை. அவ்வாண்டில் ஐபோனும், அடுத்த ஆண்டில் அன்ட்ரோயிட் தொலைபேசியும் வந்த பின்னரும் சிம்பியன் மென்பொருளைக் கைவிட அது தாமதித்தது. 2014 ஏப்ரலில் அதன் தொலைபேசிப் பிரிவு மைக்ரோசொப்ட் வசமானது. வரித் தகராற்றினால் அவ்விற்பனையில் சேராத ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர்; அவர்களுள் பலர் இளம் பெண்கள். முடிவெடுத்தோர் வேறு, விலை கொடுத்தோர் வேறு.

1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்ததைக் கண்ட மலையகத்துக்கு இப்பாடம் புதிதல்ல. றொசல்ல, ஹட்டன் தோட்டங்களில் இன்றும் பல குடும்பங்கள் தேயிலை ஒன்றையே நம்பி வாழ்கின்றன. மாற்றம் வாசலுக்கு வருமுன்னரே இளைஞருக்கு மாற்றுத் தொழிற்பயிற்சி வழங்குவது அரசினதும் கம்பனிகளினதும் கடமை என்பதை நாம் வலியுறுத்துகின்றோம்.