பொட்டி அடிக்கவா ஆஸ்திரேலியா வந்தோம்?

போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்து. சிட்னியில நம்மாளுங்க நாலு பேர் கூடினா பேச்சு எங்க போகும்னு உங்களுக்கே தெரியும். வீட்டு விலை, வட்டி விகிதம் (நான் பேங்க்ல இருக்கேன்னு தெரிஞ்சா அவ்வளவுதான், விடமாட்டாங்க), அப்புறம் பிள்ளைங்க. ஒரு நண்பர், "என் பையன் ஸ்கூல் ரோபோவுக்கு ப்ரோக்ராம் எழுதறான்"னு சொல்லிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு?"

"பொட்டி செய்யறா."

"பொட்டியா?"

"ரோபோவை வச்சு அனுப்பற மரப்பொட்டிங்க."

"ஓ... பரவாயில்ல, அடுத்த வருஷம் வேற வேலை கேட்டு வாங்கிடுங்க." துக்கம் விசாரிக்கிற மாதிரி தோளைத் தட்டிட்டுப் போயிட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. பொண்ணு முதல் நாள் வந்து சொன்னப்போ நானும், "இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டறோம்?"னுதான் கேட்டேன். தங்கமணி முறைச்சதுல வாயை மூடினேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. டீன் கேமன்ங்கிற அமெரிக்கர் 1989ல தொடங்கின ஃபர்ஸ்ட்ங்கிற அமைப்பு 1992லேர்ந்து பள்ளிப் பசங்களுக்கு ரோபோ போட்டி நடத்துது. ஜனவரியில விளையாட்டு என்னன்னு அறிவிப்பாங்க. பசங்க ரோபோ கட்டி மார்ச் வாக்குல மண்டலப் போட்டிக்குப் போவாங்க. அதுல தேறினா ஏப்ரல்ல ஹூஸ்டன். ரோபோ மட்டுமே 50 கிலோவுக்கு மேல. அதை சிட்னியிலேர்ந்து டெக்சாஸுக்கு எப்படி அனுப்பறது? பொட்டியிலதான். அங்க ஒவ்வொரு அணிக்கும் பத்தடிக்குப் பத்தடி இடம் குடுப்பாங்க. அதனால இவங்க அணிக்கு ஒரு யோசனை: போய் இறங்கினதும் பொட்டி தானா விரியணும். ஒரு பக்கம் வேலை மேஜை, இன்னொரு பக்கம் கருவி அலமாரி, மேல்மூடி பெயர்ப் பலகை.

முதல்ல பசங்க மோட்டார் வச்சு, பட்டனை அமுக்கினா விரியற மாதிரி வரைஞ்சாங்க. பார்க்க ஜோரா இருந்துச்சு. என் பொண்ணு கேட்ட ஒரே கேள்வி: "கஸ்டம்ஸ் ஆபீசர் திறக்கணும்னா பட்டன் எங்க இருக்குன்னு அவருக்கு யார் சொல்றது?"

எனக்கு அங்கதான் நிமிர்ந்து உட்காரத் தோணுச்சு. ஏன்னா நான் பேங்க்ல பார்க்கிறது ஏற்றுமதி இறக்குமதி டாக்குமெண்ட். பி.காம் படிச்சவனுக்கு மோட்டார் தெரியாது, சரக்குப் படற பாடு தெரியும். பொட்டியை அனுப்பறவன் ஒருத்தன், தூக்கறவன் இன்னொருத்தன், திறக்கறவன் மூணாமவன். மூணு பேரும் ஜென்மத்துல சந்திச்சுக்க மாட்டாங்க.

பணக் கணக்கு தனி. விமானச் சரக்குல எடையை மட்டும் பார்க்க மாட்டாங்க. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 6000ல வகுப்பாங்க. அதுவா, நிஜ எடையா, எது அதிகமோ அதுக்குத்தான் பில். 120 சென்டிமீட்டர் கன சதுரப் பொட்டின்னா கணக்குப்படி 288 கிலோ. உள்ள இருக்கறது எல்லாம் சேர்த்து 160 கிலோதான்னாலும் 288க்குத்தான் காசு. ரோபோவோட கையைக் கழட்டிப் படுக்க வச்சு உயரத்தை 90 ஆக்கினா 216. ஆணி ஒண்ணு கூட அடிக்காம 72 கிலோ மிச்சம்! இதை நான் சொன்ன அன்னைக்கு எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க.

பலகை அடுத்த தலைவலி. 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்ல செஞ்சா அந்த கன சதுரப் பொட்டி வெறுமனே 60 கிலோ தாண்டும், 18ன்னா 90. அடியில வைக்கிற கட்டை வேற. பச்சை மரத்துல பூச்சி ஒளிஞ்சு நாடு விட்டு நாடு போகுதுன்னு 2002லேர்ந்து ஒரு சர்வதேச விதி இருக்கு. மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏறணும், முத்திரை இருக்கணும். ஒட்டுப்பலகைக்கு இந்த விதியில விலக்கு உண்டு, அடிக்கட்டைக்குக் கிடையாது. கொல்லையில கிடந்த கட்டையை அறைஞ்சு அனுப்பினா துறைமுகத்துல மாட்டிக்கும்.

அப்புறம் காரோட பின்கதவைத் தாங்குமே, அந்த கேஸ் தண்டு. மூடி 12 கிலோ. அதோட நடுப்புள்ளி கீல்லேர்ந்து 45 சென்டிமீட்டர். தண்டைக் கீல்லேர்ந்து 15 சென்டிமீட்டர்ல மாட்டினா மூணு மடங்கு, அதாவது 36 கிலோ தாங்கணும். தண்டுக்கு 18. பசங்க "பலமா இருக்கட்டுமே"ன்னு 30 கிலோ தண்டு ரெண்டு வாங்கி மாட்டிட்டாங்க. தாழ்ப்பாளை எடுத்ததும் மூடி படார்னு எழுந்துச்சு, எல்லாரும் கைதட்டினாங்க. மூடறதுக்கு மூணு பேர் தொங்க வேண்டியதாப் போச்சு. அதே மூடி ஒரு ஆபீசர் தாடையில அடிச்சிருந்தா?

கடைசியில மேஜைக்கு எந்த ஸ்பிரிங்கும் இல்ல. நம்மூர் லாரிப் பின்கதவு மாதிரி: தாழ்ப்பாளை எடுத்தா தன் எடையிலயே இறங்கி சங்கிலியில நிக்குது. ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி மேல்மூடியை எடுத்தாத்தான் அந்தத் தாழ்ப்பாளே கைக்கு எட்டும். வரிசை தப்பாது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25ல மடிச்ச நிலையில மேல போச்சு. அதுல, ஒண்ணு சொதப்பினாலும் மொத்தமும் போச்சுங்கிற மாதிரி 344 இடங்கள் இருந்துச்சாம். அங்க கைகுடுக்க ஆள் கிடையாது, அதனால அது தானா விரிஞ்சே ஆகணும். ஹூஸ்டன்ல எட்டு பிள்ளைங்க நிப்பாங்களே! அங்க கஷ்டம் விரிக்கறது இல்ல. மூணு நாள் தூக்கமில்லாத பசங்க, கடைசி ராத்திரி, லாரிக்காரர் நிக்கறப்போ திரும்ப மடிக்கறதுதான்.

இப்ப ஏன் இதைப் பெருசா எழுதறேன்னு சொல்லிடறேன்.

எனக்கு ஊர் மறையூர். அப்பா மூணாறு ரோட்டுல ஒரு தேயிலை ஃபேக்டரியில பொட்டி அடிச்சார். பலகையெல்லாம் தட்டையா கட்டுக் கட்டா மலையேறி வரும். சட்டம் வச்சு, ஓரத்துக்குத் தகரப்பட்டை போட்டு ஆணி அடிச்சு, உள்ள அலுமினியத் தாள் விரிச்சா தேயிலைப் பொட்டி. அதுக்கும் முன்னாடி மூணாறு தேயிலை எப்படி இறங்குச்சு தெரியுமா? 1902ல ஒத்தைத் தண்டவாளம், 1908ல குட்டி ரயில். அதுல டாப் ஸ்டேஷன் வரைக்கும். அங்கேர்ந்து கயிற்றுப் பாதையில கொட்டகுடி, பிறகு போடி. 1924 வெள்ளம் அந்த ரயிலையே கொண்டு போயிடுச்சு. அத்தனை கை மாறியும் தேயிலை நனையாம போய்ச் சேர்ந்துச்சுன்னா அதுல பொட்டிக்கும் பங்கு இருக்கு.

நான் உடுமலையில காலேஜ் சேர்ந்தப்போ அப்பா தொழில்ங்கிற இடத்துல "ஃபேக்டரி ஸ்டாஃப்"னு எழுதினேன். பொட்டி அடிக்கிறவர்னு எழுதக் கை வரல. அந்தக் கூச்சத்தைத்தான் சின்னார் செக்போஸ்ட் தாண்டி, கடல் தாண்டி, இவ்வளவு தூரம் சுமந்து வந்து பொண்ணு தலையில இறக்கப் பார்த்திருக்கேன்.

நம்ம வீடுகள்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா படிப்பு, சுத்தியல் எடுத்தா கூலி வேலை. இந்த நினைப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நமக்கெல்லாம் நல்லாவே தெரியும். இங்க வந்தும் விட்ட பாடில்ல. உங்க பிள்ளைக்கு பொட்டி வேலை குடுத்தாங்கன்னா கோச்சுக்கு மெயில் தட்டாதீங்க. எடை, விசை, செலவு, சட்டம், முன்பின் தெரியாத ஒருத்தரோட கை, அஞ்சையும் ஒரே நேரத்துல யோசிக்க வைக்கிற வேலை அது. நீங்களே போய் அடிச்சுக் குடுத்துடவும் வேண்டாம், காசு குடுத்து ரெடிமேடும் வாங்க வேண்டாம். மூணு பேர் தொங்கி மூடின அன்னைக்கு அவங்க கத்துக்கிட்டது எந்த ட்யூஷன்லயும் வராது.

ஞாயித்துக்கிழமை போன்ல பொண்ணு தாத்தாகிட்ட பொட்டியைப் பத்தி அரை மணி நேரம் பேசினா. அவர் சொன்னது ஒண்ணுதான்: "பிரிக்கிறவன் கையை நெனச்சு ஆணி அடி கண்ணு." இவ போய் உள்பக்கம் நீட்டிக்கிட்டிருந்த திருகாணி முனையெல்லாம் அரத்தால தேய்ச்சுட்டு வந்தா.

பி.கு: எனக்கும் அணியில ஒரு வேலை குடுத்திருக்காங்க. ஏடிஏ கார்னெட்டுக்குப் பட்டியல் போடறது. சரக்குக்குப் பாஸ்போர்ட் மாதிரி. உள்ள இருக்கற ஒவ்வொரு சாமானையும் எழுதணும், ஒரு வருஷத்துக்குள்ள அத்தனையும் நாடு திரும்பணும். ஒரு ஸ்பேனர் காணாம போனாலும் எங்கிட்டதான் கேப்பாங்களாம். சுத்தியலை இன்னும் என் கையில குடுக்கல.