சானலில் வெள்ளம் வரல்ல

சித்திரை மாதத்தில் ஒருநாள் காலை, எங்கள் பக்கத்து விளைக்காரர் அண்ணாச்சி கைப்பேசியோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். விவசாய ஆலோசனைக்கு ஒரு இலவச எண் இருக்கிறது, கூப்பிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினார். “சானல்ல வெள்ளம் வரல்ல மக்கா, வாழ ஒக்க வாடுது.”

மறுமுனையில் ஒரு பெண் பிள்ளை. மரியாதையாகத்தான் பேசினாள். “ஐயா, எந்த சேனல்ல வரலைங்க? வெள்ளம் உங்க பகுதியிலயா?”

கன்னியாகுமரி மாவட்டத்தில் சானல் என்றால் பேச்சிப்பாறைத் தண்ணீர் ஓடி வரும் கால்வாய். வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கவும் வெள்ளம், குளிக்கவும் வெள்ளம். ஒக்க என்றால் எல்லாம். அந்தப் பிள்ளைக்கு இது தொலைக்காட்சிச் செய்தியாகவும் மழைச் சேதமாகவும் கேட்டிருக்கிறது. அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு வலித்தது அண்ணாச்சி போனை வைத்துவிட்டுச் சொன்னதுதான். “எனக்க பேச்சு கொள்ளாது சாரே. அவ என்ன செய்வா?”

எழுபது வயது. வாழையின் இலையைப் பார்த்தே எந்தச் சத்து குறைகிறது என்று சொல்லக்கூடிய மனிதர். தன் வாயைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டு போகிறார்.

நானும் அதே நோயில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன்தான். 1982-ல் வங்கியில் சேர்ந்தேன். பயிற்சியில் முதல் நாள் வாயைத் திறந்ததுமே பக்கத்திலிருந்தவர், “நீங்க மலையாளியா?” என்றார். 1956 நவம்பர் 1 முதல் நாங்கள் தமிழ்நாடுதான் என்று விளக்கம் சொன்னேன். சிரித்தார்கள். அன்று ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன், இனி ரேடியோ செய்தி மாதிரி பேசுவது என்று. ஆறு மாதத்தில் பழகிவிட்டது. லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மா கேட்டாள்: “என்ன மக்கா, ரேடியோல வாசிக்கதுபோல பேசுத?” எனக்குப் பெருமையாக இருந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

கோபி பக்கம் ஒரு கிளையில் பயிர்க்கடன் பார்க்கும் வேலை. ஒரு விவசாயி வந்து எதிரில் உட்கார்ந்தார். “தோட்டம் ரெண்டு ஏக்கரா, காடு மூணு ஏக்கரா இருக்குதுங்க” என்றார். எங்கள் ஊரில் காடு என்றால் யானை இருக்கிற காடு. “காடு எப்படிங்க உங்க பேர்ல இருக்கும்?” என்று கேட்டுவிட்டேன். தோட்டம் என்றதும் பழமரம் என்று எழுதப் போனேன். கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம், காடு என்றால் வானம் பார்த்த பூமி என்று உள்ளூர்க்காரரான எங்கள் கடைநிலை ஊழியர் வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது. பாசன நிலத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு, மானாவாரிக்கு இவ்வளவு என்று கடன் அளவே மாறும். அவர் பேச்சில் ரெண்டே சொல்லில் எல்லா விவரமும் இருந்தது. அந்தக் கணக்கு தெரியாதவன் நான்.

ஆனால் மன்னிப்புக் கேட்டது அவர். “நாங்க பட்டிக்காட்டு ஆளுங்க, பேசத் தெரியாதுங்க சார்” என்றார். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை, அவருக்கு என் அப்பா வயசு. நானும் என் பேச்சை ஒளித்து வைத்திருக்கிறவன்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தர் பேச்சுக்கு வெட்கப்பட்டு ரெண்டு பேரும் மேசைக்கு ரெண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஊரில் இருந்தபோதுதான் நாஞ்சில் நாடனின் முதல் நாவலைப் படித்தேன். 1977-ல் வந்த புத்தகம். எங்கள் வீட்டு அடுக்களைப் பேச்சை அச்சில் பார்த்ததும் எனக்கு நம்பவே முடியவில்லை. அதற்காக ஆபீசில் மாற்றிப் பேசினேனா என்றால், இல்லை.

2018-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். கொஞ்சம் தென்னை, வாழை, ஏலாவில் ஒரு துண்டு வயல். ரசாயனம் இல்லாமல் செய்ய வேண்டும் என்று ஆசை. புத்தகம் வாங்கினேன், பயிற்சிக்குப் போனேன், இந்த இதழுக்குச் சந்தா கட்டினேன். ஆனால் என் மண்ணுக்கு உண்டான விவரம் எல்லாம் நான் மறந்துபோன சொற்களில் இருந்தது. எங்களுக்கு நெல் ரெண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. கன்னி மாதம் என்பது புரட்டாசி, கும்ப மாதம் மாசி. எப்போது அறுப்பு என்பது பேரிலேயே இருக்கிறது. பயிற்சியில் எல்லாம் குறுவை, சம்பா, தாளடி. தஞ்சாவூர்க் கணக்கில் குறிப்பெழுதிக்கொண்டு வந்து எங்கள் மழைக்கு விதைத்தேன். முதல் வருஷம் அறுப்பு மழையில் மாட்டியது. “கன்னிப்பூவுக்கு இப்பவா விதைக்கது?” என்று அண்ணாச்சி முன்னமே கேட்டிருந்தார். சிரித்துக்கொண்டே கேட்டதால் பழைய காலத்துப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மரச்சீனி, சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு, புத்தகத்தில் மரவள்ளி. மிளகை நாங்கள் நல்லமிளகு என்போம். கடல் கடந்து பின்னால் வந்த மிளகாய் எங்களுக்கு வத்தல்மிளகு. எது முதலில் இருந்தது, எது விருந்தாளியாக வந்தது என்கிற சங்கதி அந்த ‘நல்ல’ என்கிற ஒரு சொல்லில் கிடக்கிறது. பாரம்பரிய விதையைத் தேடி ஊர் ஊராக அலைகிற நாம், அந்த விதையோடு ஒட்டிக்கொண்டு வருகிற சொல்லை மட்டும் ஏன் உதறிவிட்டு வருகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

நம் கூட்டங்களிலேயே இதைப் பார்க்கிறேன். ஒரு விதைத் திருவிழாவில் ஒரு அம்மாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். “அனைவருக்கும் வணக்கம், நான் இயற்கை விவசாயம் செய்து வருகின்றேன்” என்று ஆரம்பித்தவர், அடுத்த வாக்கியம் வராமல் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் புளியமரத்தடியில் அதே அம்மா விதையில் வண்டு விழாமல் காக்கிற முறையை அரைமணி நேரம் சொன்னார். கேட்டவர்கள் நாலு பேர். மேடையில் பேசியிருந்தால் நானூறு பேர். நம்மாழ்வார் ஐயா மேடையில் பேசியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வேளாண் பட்டம் வாங்கியவர், ஆனாலும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற பெரியவர் மாதிரிதான் பேசுவார். அவருக்குப் பிறகு வந்த நாம் மைக்கைக் கண்டதும் பட்டிமன்றத் தமிழுக்கு ஏன் ஓடுகிறோம்?

சினிமாவுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ‘ஏலே’ என்றால் அரிவாள், ‘ஏனுங்க’ என்றால் சிரிப்பு என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் யோக்கியமாகாது. ஊர்ப் பேச்சு எல்லாமே தேன் இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது, எங்கள் விளையில் வேலை செய்த, என் தாத்தா வயதுக்காரரை ‘லேய்’ என்று கூப்பிட்டிருக்கிறேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. அதுவும் எங்கள் வட்டார வழக்குதான். அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ரேடியோத் தமிழில் எல்லோரையும் ‘நீங்கள்’ என்று சொல்லப் பழகியது எனக்கு நல்லதே செய்தது. வெளியூர்க்காரரிடம் அவருக்குப் புரிகிற மாதிரி பேசுவதும் தப்பில்லை. என் சண்டை வெட்கத்தோடு மட்டும்தான்.

தெலுங்கில் விவசாயச் சொற்களை மட்டும் வட்டாரவாரியாகச் சேகரித்து 1962-லேயே ஒரு அகராதி கொண்டுவந்துவிட்டார்கள். நம்மிடம் கரிசல் வட்டாரத்துக்கு 1982-ல் சொல்லகராதி போட்டவர் கி.ரா., ஒரு சம்சாரி. கொங்குக்குப் பெருமாள்முருகன் செய்திருக்கிறார். நாம் அகராதி போட வேண்டாம். விதைப் பொட்டலத்தில் ரகத்தின் பேரை எழுதும்போது, கொடுத்தவர் அதை எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதி, ஊர் பேரையும் பக்கத்தில் போட்டால் போதும். கூட்டத்தில் யாராவது வட்டாரச் சொல் சொன்னால் சிரிக்காமல், அப்படியென்றால் என்ன என்று கேட்டு நோட்டில் குறிக்கலாம். அந்த இலவச எண்ணில் பேசுகிற பிள்ளைகளுக்கும் மாவட்டத்துக்கு நூறு சொல் எழுதிக் கொடுக்கலாம். அது நம் இயக்கம் கேட்டு வாங்க வேண்டிய விஷயம்.

போன மாதம் அண்ணாச்சியிடம் கேட்டேன், மட்டி வாழைக்கு நீங்கள் செய்கிற பக்குவத்தை இதழுக்கு எழுதலாமா என்று. “நீரு நல்ல தமிழில எழுதும் சாரே” என்றார். நீங்கள் சொல்கிறபடிதான் எழுதுவேன் என்றேன். ரெண்டு நாள் பிடி கொடுக்கவில்லை. மூணாம் நாள், தன் பேரைப் போடக்கூடாது என்கிற ஒரே நிபந்தனையில் சம்மதித்தார். கன்று எடுப்பதில் தொடங்கி குலை வெட்டுவது வரைக்கும் பாதி எழுதிவிட்டேன். அடுத்த இதழுக்கு அனுப்புகிறேன். ஆசிரியர் கவனத்துக்கு: அதில் பல இடத்தில் வெள்ளம் என்று வரும். தயவுசெய்து தண்ணீர் என்று திருத்த வேண்டாம்.